சென்னை விமான நிலையத்துக்கு ரயிலில் போவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: மீனம்பாக்கத்தில் இறங்கக் கூடாது. ஊரே ‘மீனம்பாக்கம் ஏர்போர்ட்’ என்று சொல்லிப் பழகிவிட்டதால், மெட்ரோவிலும் சரி, மின்சார ரயிலிலும் சரி, அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடத் தோன்றும். என் சித்தப்பா சிங்கப்பூர் கிளம்பிய அன்று அப்படி இறங்கிவிட்டு, “டேய், இங்கே ஒரு விமானத்தையும் காணோமே” என்று போன் செய்தார். சென்னையிலிருந்து போகும்போது இரண்டு ரயில்களுக்குமே விமான நிலையம் அதற்கு அடுத்த நிறுத்தம்.

1. எந்த ரயில் என்று முடிவு செய்யுங்கள். பெரிய பெட்டி, குழந்தைகள், வயதானவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெட்ரோதான். தோளில் ஒரு பை மட்டும் இருந்தால் மின்சார ரயில் போதும், அதுதான் மலிவு.

2. மெட்ரோ என்றால்: சென்ட்ரலில் நீல வழித்தட ரயிலில் ஏறினால் மாறாமல் நேராகப் போகலாம். கோயம்பேடு பக்கமிருந்து பச்சைத் தடத்தில் வருகிறவர்கள், ஏறிய ரயில் நேராக விமான நிலையம் போகாது என்றால் ஆலந்தூரில் மாற வேண்டும். அங்கே இரண்டு தடங்களும் வேறு வேறு தளத்தில் இருப்பதால், ‘விமான நிலையம்’ என்று போட்டிருக்கிற பலகையைப் பார்த்துப் போங்கள். அப்புறம் கவலையே இல்லை, 2016 செப்டம்பரில் திறந்த அந்த நிலையம்தான் கடைசி நிறுத்தம், எல்லோரும் இறங்குவார்கள். வெளியே சாலைக்கு இறங்காமல் நடைமேம்பாலத்திலேயே போங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு டெர்மினல் 2, உள்நாட்டுக்கு 1 அல்லது 4, எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மின்சார ரயில் என்றால்: இறங்க வேண்டிய இடம் திரிசூலம். எழும்பூர், மாம்பலம், கிண்டி எங்கிருந்தும் தாம்பரம் அல்லது செங்கல்பட்டு போகிற ரயிலில் ஏறலாம். தென்மாவட்டத்திலிருந்து எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் எழும்பூர்வரை போய்த் திரும்பி வராதீர்கள். உங்கள் வண்டி தாம்பரத்தில் நின்றால் அங்கேயே இறங்கி, கடற்கரை நிலையம் போகும் மின்சார ரயிலைப் பிடியுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். இந்தத் திசையில் மீனம்பாக்கம் பெயரைப் பார்த்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

திரிசூலத்தில் இறங்கினால் விமான நிலையம் ஜி.எஸ்.டி. சாலை என்கிற நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணெதிரே தெரியும். அதற்காக அந்தச் சாலையில் குறுக்கே ஓடாதீர்கள், தயவுசெய்து. சுரங்கப்பாதை இருக்கிறது. படி இறங்கி ஏற வேண்டும், அதன் பிறகும் டெர்மினல்வரை நடை இருக்கிறது. சக்கரப் பெட்டியைப் படிப்படியாகத் தூக்கும்போதுதான் மெட்ரோவில் வந்திருக்கலாமே என்று தோன்றும்.

4. நேரம் பாருங்கள். மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும், இரவு 11 மணி வாக்கில் முடிந்துவிடும். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் கிளம்புகின்றன, அதற்கு மூன்று மணி நேரம் முன்னால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். 2 மணி விமானத்துக்கு இரவு 10 மணிக்குள் மெட்ரோ ஏறிவிடுங்கள். 6 மணி விமானம் என்றால் ரயிலை நம்ப வேண்டாம், முந்தைய நாளே வண்டி சொல்லி வைத்துவிடுங்கள்.