வெளிநாட்டுக் களப்பணிக்கு முன் கண்ணுக்கு ஒரு பயிற்சி

விலங்கியல் மாணவர்கள் வெளிநாட்டுக் களப்பணிக்கு விண்ணப்பிப்பதற்கு முன், தானியங்கிக் கேமராக்கள் எடுத்த வனவிலங்குப் படங்களை, பொதுமக்கள் அறிவியல் ஆய்வுகளுக்கு உதவும் சூனிவர்ஸ் (Zooniverse) இணையதளத்தில் கட்டணமின்றி வகைப்படுத்திப் பழகிக்கொள்ளலாம். 2012-இல் அங்கே தொடங்கப்பட்ட 'ஸ்னாப்ஷாட் செரங்கெட்டி' என்ற, தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவின் படங்களைக் கொண்ட திட்டத்தில் விலங்கின் இனம், எண்ணிக்கை, நடத்தை, குட்டி உடனிருக்கிறதா என்பவை படத்துக்குப் படம் கேட்கப்பட்டன. கேமரா வைத்து ஆய்வு நடக்கும் களங்களில் உதவியாளருக்குக் கிடைக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. இரவுப் படத்தின் ஓரத்தில் தெரியும் ஒரு காதையும் கொம்பின் வளைவையும் கொண்டே இனத்தைச் சொல்லும் திறன் பார்க்கப் பார்க்கத்தான் வாய்க்கும் என்பதால், அதைப் பெற்றுச் செல்பவர் பணம் கட்டிச் சேர்ந்த குறுகிய காலத் திட்டத்தின் முதல் நாள்களை அடையாளம் காணக் கற்பதிலேயே செலவழிக்க நேராது. பறவைகளை வலையிட்டுப் பிடித்துக் காலில் வளையமிடுதல், மயக்க மருந்து செலுத்துதல் போன்ற பணிகளுக்கு இந்தப் பழக்கம் போதாது. நேரடிப் பயிற்சியும் உரிய அனுமதியும் வேண்டும்.