சதுரப்பயற்றுக்கு இருட்டு வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கும் திருவட்டாற்றுக்கும் நடுவே பத்து சென்ட் விளையில் (தோட்டத்தில்) என் வீடு. பிழைப்பு ரப்பர் பால்வெட்டு. மழை அடிக்கும் நாளில் வெட்டு கிடையாது. அன்றெல்லாம் வீட்டைச் சுற்றி மண்வெட்டியோடு அலைவேன். அப்படி அலைந்ததில்தான் சதுரப்பயற்றிடம் மாட்டிக்கொண்டேன். புத்தகத் தமிழில் சிறகவரை என்பார்கள். காயை நறுக்கிப் பார்த்தால் நாலு முனை நட்சத்திரம். முனை ஒவ்வொன்றிலும் சுருள் வைத்த சிறகு. வெள்ளறடையில் தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து மைனி (அண்ணி) ஒரு பிடி விதை கொண்டு வந்தாள். பாக்கெட் விதையல்ல, அவர்கள் வீட்டில் தலைமுறையாக எடுத்து வைத்தது.

முதல் ஆண்டு மாசியில் ஊன்றினேன். வெள்ளரிக்கும் புடலைக்கும் அதுதானே பருவம் என்று நினைப்பு. கொடி ஏறியது பாருங்கள்! முருங்கையை மூடி, குளிமுறிக் கூரையை மூடி, கிணற்றுக் கப்பியைத் தொட்டுவிட்டது. ஆனால் ஒரு பூ இல்லை. ஆனி போயிற்று, ஆவணி போயிற்று. "அண்ணாச்சி ஆட்டுக்குத் தழை வளர்க்கிறாரா?" என்று அடுத்த வீட்டுப் பையன் கேட்டான். சாணம் போதவில்லையோ என்று மேலும் மேலும் போட்டேன். இலை இன்னும் கறுத்துத் தடித்தது, அவ்வளவுதான். வெட்டி எறியப்போனபோது, கொழுந்தைத் துவரன் (தேங்காய்ப் பொரியல்) வைக்கலாம் என்று மனைவி தடுத்தாள். ஐப்பசியில் நீலப் பூ வந்தது.

காரணம் எளிது. நியூகினி, இந்தோனேசியா, தாய்லாந்து, பர்மா என்று வெப்பமண்டல ஊர்களில் வளர்ந்து பழகிய செடி இது. பூக்கும் நேரத்தை இரவின் நீளம் பார்த்துத்தான் முடிவு செய்யும். பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்துக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். நமக்குத் தெரியாத அந்த வித்தியாசம் இதற்குத் தெரிகிறது. பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே போவது அக்டோபர் இரண்டாம் வாரத்தில், அதாவது ஐப்பசி பிறக்கப்போகும் சமயம். அதற்கு முன் நீங்கள் என்ன உரம் போட்டாலும் அது கேட்காது. நாள் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்களும் உண்டு. நான் சொல்வது பழைய நாட்டு விதையைப் பற்றி.

ஆகவே ஆடியில் விதையுங்கள். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையின் முதல் ஆவேசம் தணிந்திருக்கும், மண்ணில் ஈரம் நிற்கும், பூக்கும் காலத்துக்குள் கொடிக்கு மூன்று மாதம் கிடைக்கும். வைகாசிக் கடைசியில் போட்டால் பெருமழையில் விதை அழுகுகிறது. புரட்டாசியில் போட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்து, நாலு காயோடு முடித்துக்கொள்ளும்.

விதையை அப்படியே மண்ணில் போடாதீர்கள். தோல் கல் மாதிரி. சும்மா போட்டால் சில முளைக்க ஒரு மாதம்கூட ஆகும், அதற்குள் எலி பார்த்துவிடும். நான் செய்வது இது: விதையில் வெள்ளையாகத் தெரியும் கண் இருக்குமல்லவா, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் பருப்பு போய்விடும். இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் பெரும்பாலானவை இரண்டு மடங்கு பருத்திருக்கும். பருக்காமல் குண்டுமணியாகக் கிடப்பவற்றை எடுத்து மறுபடி தேய்த்துப் போடுங்கள். பருத்தவை ஒரு வாரத்தில் தலை காட்டும்.

குழி ஒரு முழ நீள அகலம், ஒரு முழ ஆழம். நம் செம்மண்ணில், அதிலும் வெட்டுக்கல் (செம்பாறை) அடியில் கிடக்கும் விளையில், குழியைக் குழியாக விட்டால் தண்ணீர் கட்டி வேர் அழுகும். மக்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, தரைக்கு மேல் ஒரு சாண் மேடாக்குங்கள். அடியில் இரண்டு கதம்பை (தேங்காய் உரிமட்டை) கவிழ்த்துப் போட்டால் வெயில் நாளில் ஈரம் காக்கும். மேட்டுக்கு நாலு விதை ஊன்றி, பிற்பாடு நல்ல இரண்டை மட்டும் விட்டால் போதும். ஒரு வீட்டுக்கு மூன்று மேடு தாராளம். யூரியா பக்கமே போக வேண்டாம். வேரில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துக் கொடுக்கும். முன்பு தட்டைப்பயறு விளைந்த மண்ணாக இருந்தால் அந்த பாக்டீரியா ஏற்கெனவே அங்கே இருக்கும். அடுப்புச் சாம்பல் மட்டும் மாதம் ஒரு பிடி வைக்கிறேன்.

முதல் ஒரு மாதம் செடி சோம்பிக் கிடக்கும். அப்போது களை எடுப்பதுதான் வேலை. பிறகு ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. ஆள் உயரப் பந்தல் வேண்டும். நான் கமுகு வரிச்சில் கால் நட்டு, மேலே தென்னங்கயிற்றை வலையாகப் பின்னுகிறேன். இந்தப் பந்தல் செலவுதான் பெரிய தோட்டங்களில் இந்தப் பயிர் பரவாததற்கு ஒரு காரணம். 1975இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெப்பமண்டலத்துக்கான புரதப் பயிர் என்று இதற்குத் தனி அறிக்கையே வெளியிட்டது. காய்ந்த விதையில் சோயாவுக்கு அருகே நிற்கும் அளவு புரதம். ஆனாலும் கொம்பு நட்டுக் கயிறு கட்ட யாருக்குப் பொறுமை? வீட்டுக்காரனுக்குத்தான் உண்டு.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்று. இரண்டாம் ஆண்டு ஆடியில் ஒழுங்காகப் போட்டு, முன்வாசலில் பந்தல் கட்டினேன். ஐப்பசியில் பந்தலின் கிணற்றுப் பக்கம் பூத்துக் குலுங்கியது. சாலைப் பக்கப் பாதி வெறும் இலை. ஒரே மேடு, ஒரே விதை, ஒரே தண்ணீர். வேரில் நோயோ என்று தோண்டிப் பார்த்தேன்; ஒன்றுமில்லை. ஒரு நாள் விடியுமுன் நாலரை மணிக்கு வெட்டுக்குக் கிளம்புகிறேன், தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு. டார்ச்சே தேவைப்படாத வெளிச்சம் அந்தப் பாதியின் மேல் கிடந்தது. தெருவிளக்கு! புது விளக்கு மாட்டியதிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இரவே இல்லை. பூத்த இடத்துக்கும் பூக்காத இடத்துக்கும் நடுவே கோடு போட்டதுபோல விளக்கின் நிழல் விளிம்பு. இப்போது பந்தல் வீட்டுக்குப் பின்னால், அடுக்களை வெளிச்சமும் படாத மூலையில் இருக்கிறது. பகலில் முழு வெயில், இரவில் முழு இருட்டு. இடம் தேடும்போது இரண்டையும் பாருங்கள்.

வேரைத் தோண்டிய கதை வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வேரில் கொத்துக் கொத்தாக உருண்டைகளைக் கண்டு பயந்து செடியைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. உருண்டை விரல் பட்டதும் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே சிவந்திருந்தால் அது நைட்ரஜன் தரும் முடிச்சு, நல்லது. வேரே வீங்கி, உதிராமல் மாலைபோல முறுக்கிக் கிடந்தால் நூற்புழு. அதற்கு இந்தச் செடி சீக்கிரம் இரையாகும். கத்தரி, தக்காளி நின்ற இடத்தில் போடாதீர்கள். நான் மேடுகளுக்கு நடுவே கேந்தி (செண்டுமல்லி) நட்டு வைக்கிறேன். அதன் வேர் நூற்புழுவை அடக்கும், பூ மனைவியின் பூஜைக்கு ஆகும், தோவாளைச் சந்தைப் பூவுக்குக் காசு மிச்சம். அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாக அடித்தாலே போதும்.

பூ விரிந்து இரண்டு வாரத்தில் காய் பறிக்கலாம். வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் இழுத்தால் முற்றிவிட்டது, விதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் தை கடைசி வரை காய்க்கிறது. மெல்லிசாக நறுக்கி, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் ஒன்றிரண்டாக அரைத்துத் துவரன் வைத்தால் கறுமுறுவென்று இருக்கும்; வேகவிட்டுக் குழைத்தால் பாழ். தாய்லாந்தில் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் வறுத்த மிளகாயும் சேர்த்துக் கலவையாகச் சாப்பிடுகிறார்கள். நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம், சோற்றுக்கு ஒத்துவந்தது. முற்றிய விதையை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது. ஊறவைத்து, நன்றாக வேகவைத்துத்தான்.

பர்மாவில் இதன் கிழங்குக்காகவே பயிர் செய்கிறார்கள். மரச்சீனியை (மரவள்ளி) விடப் பல மடங்கு புரதம் உண்டு அதில். கிழங்கு வேண்டுமென்றால் ஒரு மேட்டில் பூவைக் கிள்ளிக் கிள்ளி எறிய வேண்டும். ஒரு முறை செய்தேன். விரல் பருமனில் ஏழெட்டுக் கிடைத்தது. அத்தனை பூவையும் கிள்ளி எறிந்த மனவருத்தத்துக்கு அது காணாது. கிழங்கைத் தோண்டாமல் கொடியை மட்டும் அறுத்துவிட்டால் அடுத்த மழைக்கு அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிறது.

விதைக்கு, முதலில் வந்த காய்களில் நீளமானதையும் சிறகு கிழியாததையும் நூல் கட்டி அடையாளம் வைத்து விட்டுவிடுவேன். கறுத்து, குலுக்கினால் சலசலக்கும்போது பறித்துவிட வேண்டும். தாமதித்தால் வெடித்து விதை சிதறும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பல் கலந்து, வாயகன்ற பாட்டிலில் அடைத்துப் பரணில் வைக்கிறேன். மைனி தந்த ஒரு பிடி இப்போது இரண்டு பாட்டில். கேட்பவர்களுக்குப் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுக்கிறேன், வீட்டருகே தெருவிளக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டு.