சிஸ்கோ சுவிட்ச் முதல் அமைப்பு: எப்போது சேமிக்கலாம், எப்போது கூடாது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகம். கணக்குப் பிரிவுக்கு ஒரு பாதை, வருகையாளர் வைஃபைக்கு இன்னொன்று. இரண்டையும் பிரித்து வைக்க 24 போர்ட் சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச் (கணினிகளைக் கேபிள் மூலம் ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கன்சோல் கேபிள், அதாவது லேப்டாப்பை நேரடியாகச் சுவிட்சோடு இணைத்துக் கட்டளை தட்ட உதவும் கேபிள். பெட்டியில் இல்லையென்றால் லோ யாட் பிளாசாவில் யூஎஸ்பி முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இன்றைய லேப்டாப்களில் சீரியல் போர்ட் இருப்பதில்லை. புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் சீரியலைத் தேர்ந்தெடுத்து வேகம் 9600, டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 1, பாரிட்டி இல்லை என வையுங்கள். ஃப்ளோ கண்ட்ரோல் அங்கே எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்று இருக்கும். அதை 'நன்' ஆக்கிவிடுங்கள்.

சுவிட்ச் எழுந்ததும், கேள்வி கேட்டே அமைத்துத் தரட்டுமா என்று கேட்கும். 'நோ' சொல்லுங்கள். அந்த வழியில் போனால் எதுவும் மனதில் நிற்காது. 'எனேபிள்' தட்டினால் வரியின் கடைசிக் குறி > என்பதிலிருந்து # ஆக மாறும். 'கான்ஃபிகர் டெர்மினல்' தட்டினால் மாற்றங்கள் செய்யலாம்.

ஹோஸ்ட்நேம், டொமைன் நேம், எனேபிள் சீக்ரெட், ஒரு யூசர்நேம் ஆகியவற்றை வையுங்கள். பெயரும் டொமைனும் இருந்தால்தான் 'கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ' வேலை செய்யும். அளவு 2048 போதும். தொலைவிலிருந்து நுழையும் வழிகளான 'லைன் விடிஒய் 0 15'-க்குள் போய் 'லாகின் லோக்கல்', 'ட்ரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்' கொடுங்கள். எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து மறையாக்கத்தோடு நுழையும் முறை. பழைய முறையான டெல்நெட் வேண்டாம், அதில் கடவுச்சொல் அப்படியே வெளியே தெரியும். நேரத்துக்கு 'குளோக் டைம்ஸோன் எம்ஒய்டி 8'. இல்லையென்றால் சுவிட்ச் காட்டும் நேரம் எட்டு மணி நேரம் பின்தங்கி நிற்கும்.

அடுத்து விலேன், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க். கணக்குக்கு 10, விருந்தினருக்கு 20, நிர்வாகத்துக்கு 99 என மூன்றையும் உருவாக்குங்கள். 99-க்கு ஐபி முகவரியும் 'ஐபி டீஃபால்ட்-கேட்வே'யும் கொடுத்தால்தான் வெளியிலிருந்து எஸ்எஸ்எச் செய்ய முடியும். பிறகு:

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 - 12
சுவிட்ச்போர்ட் மோட் ஆக்ஸஸ்
சுவிட்ச்போர்ட் ஆக்ஸஸ் விலேன் 10

விருந்தினர் போர்ட்களுக்கும் இதே மாதிரி, எண் மட்டும் 20. இரண்டு விலேனும் ஒன்றோடொன்று பேச ரவுட்டர் வேண்டும், அது தனிக்கதை.

24-ஆவது போர்ட் ரவுட்டரோடு இணைகிறது. அதை ட்ரங்க் (பல விலேன்களை ஒரே கேபிளில் கொண்டு போகும் போர்ட்) ஆக்கி 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் 10,20,99' என்று தட்டுங்கள். எந்த ஃப்ரேம் (தரவுத் துண்டு) எந்த விலேன் என்று தெரிய, 802.1க்யூ என்ற தரநிலை ஒவ்வொன்றிலும் 4 பைட் அடையாளம் ஒட்டும். 'ஷோ விலேன் பிரீஃப்', 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' பார்த்துச் சரியென்றால் இப்போதே சேமியுங்கள்:

காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்

இதுவரை தட்டியதில் பெரும்பாலானது ரேமில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் சாயங்கால இடி மழைக்கு மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் அதெல்லாம் அவுட்.

ஆனால் நாளைக்கு வீட்டிலிருந்தபடி மாற்றம் செய்யும்போது இந்த அவசரம் ஆபத்து. தொலைபேசிக்காக விலேன் 30 சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். 'அலவுட் விலேன் 30' என்று தட்டினால் அது சேர்க்காது. பழைய பட்டியலை அழித்துவிட்டு 30-ஐ மட்டும் வைக்கும். 99 போய்விடும், உங்கள் எஸ்எஸ்எச்சும் அந்த நொடியே அறுந்துவிடும். சரியானது 'அலவுட் விலேன் ஆட் 30'.

அதனால் தூரத்திலிருந்து கை வைக்கும் முன் 'ரீலோட் இன் 10' தட்டுங்கள். சேமிக்காத மாற்றம் இருந்தால் சேமிக்கட்டுமா என்று கேட்கும். 'நோ' என்றே சொல்லுங்கள். மாற்றத்தில் நீங்களே வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக மறுபடி எழுந்து, கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி எழும் நேரத்தில் அலுவலகமே நின்றுபோகும், ஆகவே வேலை நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம். மாற்றம் சரியாக வந்துவிட்டால் முதலில் 'ரீலோட் கேன்சல்', அதன் பிறகே சேமிப்பு.