பி.பார்ம் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கமிருந்து சில பிள்ளைகள் பி.பார்ம் என்கிற மருந்தியல் பட்டப்படிப்பில் சேருகிறார்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் எங்கள் மெடிக்கலில் வந்து நிற்பார்கள், சந்தேகம் கேட்பார்கள். அவர்களைப் பார்க்கும்போது, எங்கள் செட்டில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருவது தெரிகிறது. வகுப்புக்கு ஒழுங்காகப் போ, போனைக் கீழே வை என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். யாரும் எடுத்துச் சொல்லாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அங்கீகாரத்தைப் பார்க்காமல் சேருவது

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தால்தான், பட்டம் வாங்கிய பிறகு பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியும். பல்கலைக்கழக இணைப்பு மட்டும் போதாது. நீங்கள் சேருகிற கல்வியாண்டுக்கு அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு இருக்கிறது என்பதை கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். புரோக்கர் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். நீட் இல்லாமலே சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நீட்டே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ரெமிடியல் மேத்ஸ்தானே என்று விடுவது

பிளஸ் டூவில் கணக்கு படிக்காத பயாலஜி குரூப் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் வரும் அடிப்படைக் கணக்குப் பாடம் இது. மருந்து உடம்பில் எப்படிச் சேர்ந்து வெளியேறுகிறது என்று கணக்கிடும் பயோபார்மசூட்டிக்ஸ் ஆறாவது செமஸ்டரில் வரும்போது, இதில் படித்த அதே லாகரிதம் திரும்ப வந்து நிற்கும்.

மருந்தை பிராண்ட் பெயரில் படிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். மற்ற தவறுகளை அரியர் எழுதியாவது சரிசெய்துகொள்ளலாம். இது பட்டம் வாங்கிய பிறகும் கூடவே வந்து, அடுத்தவர் உடம்பில் போய் முடியும்.

இரண்டாம் வருடத்தில் ஏதாவது ஒரு மெடிக்கலில் மாலை நேர வேலைக்குச் சேருவார்கள். சேருவது நல்லதுதான். கொஞ்ச நாளில் எந்தத் தட்டில் எது இருக்கிறது, எந்த டாக்டர் எதை எழுதுவார் என்பதெல்லாம் அத்துப்படியாகிவிடும். காய்ச்சலுக்கு டோலோ, அரிப்புக்கு அவில், சர்க்கரைக்கு கிளைகோமெட் என்று கை தானாகப் போகும். இந்தக் கைவேகம் வந்ததும், மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்கிற பார்மகாலஜி பாடமே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. தேர்வுக்கு முந்தின வாரம் ஜெனரிக் பெயர்களை, அதாவது உட்பொருளின் பெயர்களை, பட்டியலாக மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துவிடும், பிராண்ட் மட்டும் நிற்கும்.

நம்ம ஊரில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கீழக்கரையில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் பேரீச்சம்பழம், கோடாலித் தைலத்தோடு மாத்திரையும் வரும். அட்டையில் அரபியிலும் ஆங்கிலத்திலும் இங்கே கேள்விப்படாத பெயர் இருக்கும். பனடால் வரும், குளுக்கோபேஜ் வரும். பனடாலும் டோலோவும் ஒரே பாராசிட்டமால்தான் என்று தெரியாதவர் இரண்டையும் சேர்த்துப் போடுவார். சளிக்கு என்று வாங்கும் கூட்டு மாத்திரையிலும் பெரும்பாலும் அதே பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் போனால் கல்லீரல் தாங்காது. இதைச் சொல்ல வேண்டியது கவுன்ட்டரில் நிற்கிறவர்.

கடைசி வருடம் படிக்கும் பையன் ஒருவன் லீவில் எங்கள் கடையில் நின்றான். வயதான ஒரு அம்மா கிளைகோமெட் ஜிபி வாங்க வந்தார். மகன் கொடுத்துவிட்ட அமரில் அட்டையையும் எடுத்து நீட்டி, “தம்பி, இதையும் சேர்த்துப் போடலாமாப்பா?” என்று கேட்டார். பையன் இரண்டு அட்டையையும் பார்த்தான். “அது வேற, இது வேறம்மா. போடலாம்” என்றான். உள்ளே பில் பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து ஓடி வந்தேன்.

அமரில் என்பது கிளிமெபிரைடு, சல்போனைல்யூரியா என்ற வகையைச் சேர்ந்த சர்க்கரை மருந்து. கிளைகோமெட் ஜிபியில் இருப்பது மெட்பார்மினும் அதே கிளிமெபிரைடும். இரண்டையும் போட்டுக்கொண்டு, ஒரு ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்தால், சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நினைவு தப்பும். அந்த வயதில் தூக்கத்திலேயே உயிர் போய்விடலாம். அமரிலைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லி, இரண்டு அட்டையையும் டாக்டரிடம் காட்டும்படி அந்த அம்மாவை அனுப்பினேன்.

அவர் போன பிறகு பையனிடம், “சல்போனைல்யூரியா எப்படிப்பா வேலை செய்யுது?” என்று கேட்டேன். கணையத்தின் பீட்டா செல், அதில் ஏடிபியைச் சார்ந்த பொட்டாசியம் சேனல், அது மூடினால் கால்சியம் உள்ளே வருவது, இன்சுலின் வெளியே வருவது என்று ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னான். பத்து மார்க் கேள்விக்கு முழு மார்க் போடலாம். ஆனால் தான் சொன்ன அந்த மருந்துதான் கையில் இருந்த இரண்டு அட்டையிலும் இருக்கிறது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. படிப்பு ஒரு அறையிலும் அட்டை இன்னொரு அறையிலும் இருந்தன, நடுவில் கதவு இல்லை. நல்ல பையன், உழைக்கிற பையன். அதனால்தான் எனக்கு ஆற்றாமை.

இதற்கு வழி, மருந்தை அதன் வகையோடு சேர்த்துப் படிப்பது. நான்காவது செமஸ்டரில் மெடிசினல் கெமிஸ்ட்ரியும் பார்மகாலஜியும் ஒன்றாகவே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கெமிஸ்ட்ரியில் ஐசோப்ரினலின் கட்டமைப்பை வரைகிற அன்றைக்கே அதன் பக்கத்தில் ப்ரொப்ரனலாலையும் வரைந்து பாருங்கள். இரண்டிலும் நைட்ரஜனில் அதே ஐசோப்ரொபைல் தொகுதி இருக்கும். ப்ரொப்ரனலாலில் வளையத்துக்கும் பக்கச் சங்கிலிக்கும் நடுவில் ஒரு ஆக்சிஜனும் ஒரு கார்பனும் கூடுதலாக வந்திருக்கும், வளையமும் மாறியிருக்கும். இதயத்திலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் பீட்டா ரிசெப்டரை ஒன்று தூண்டுவதையும் மற்றது தடுப்பதையும் இதோடு சேர்த்துப் படித்தால் மறக்கவே மறக்காது. ஆஸ்துமாக்காரருக்கு ப்ரொப்ரனலால் ஏன் ஆகாது என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

பெயர்களின் வால் பகுதியும் உதவும். அட்டெனலால், மெட்டோப்ரலால் ஒரு குடும்பம். எனலாப்ரில், ராமிப்ரில் ஒரு குடும்பம். லோசார்டான், டெல்மிசார்டான் இன்னொன்று. ஆனால் அரைகுறையாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. சால்புட்டமாலும் ‘ஆல்’ என்றுதான் முடிகிறது, அது மூச்சுக்குழலை விரிக்கிற மருந்து. அட்டெனலால் குடும்பத்துக்கு எதிர்ப்பக்கம்.

தினமும் கடையில் ஒரு அட்டையை எடுங்கள். பிராண்ட் பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, சின்ன எழுத்தில் இருக்கும் உட்பொருளைப் படியுங்கள். எந்த வகை, உடம்பில் எங்கே வேலை செய்யும், யாருக்குக் கொடுக்கக் கூடாது, எதோடு சேரக் கூடாது என்று நோட்டில் எழுதுங்கள். பிராண்டைக் கடைசியாக எழுதுங்கள். இப்படிப் படித்தவருக்குத்தான் கேட்க வேண்டிய கேள்வி தோன்றும். சொறிமீன் பட்டு அரிக்கிறது என்று ஒருவர் அவில் கேட்டால், “ராத்திரி கடலுக்குப் போறீங்களாண்ணே?” என்று கேட்க வேண்டும். அவிலில் இருப்பது ஃபெனிரமின். மூளைக்குள் போய்த் தூக்கத்தைத் தரும் பழைய தலைமுறை மருந்து. படகு ஓட்டுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்க முடியாது.

கடற்பாசியைப் புத்தகத்தில் மட்டும் பார்ப்பது

பாம்பன் பக்கத்துப் பெண் ஒருத்தி பார்மகோக்னசியில், அதாவது இயற்கையிலிருந்து கிடைக்கும் மருந்துப்பொருள் பாடத்தில், அகர் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அவர் மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி என்று சொல்வதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள் என்று சொன்னபோது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கட்டக்கோரையிலிருந்து வருவது ஆல்ஜினேட். மாத்திரை வயிற்றில் உடைவதற்கும், சஸ்பென்ஷன் என்கிற கலங்கல் திரவ மருந்து கெட்டியாக நிற்பதற்கும் அதுதான் சேர்க்கப்படுகிறது. கொஞ்சம் அகரை வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். 40 டிகிரிக்குப் பக்கத்தில் உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரி வரை சூடாக்க வேண்டும். மூன்றாவது செமஸ்டர் மைக்ரோபயாலஜியில் கிருமி வளர்க்க அகரை ஏன் தட்டில் ஊற்றினோம் என்பது அப்போது விளங்கும். நிலாவரையும் அப்படித்தான். புத்தகத்தில் டின்னவேலி சென்னா என்று இருக்கும், நம் மாவட்டத்து மானாவாரி நிலத்திலும் விளைகிறது. மண்டபத்தில் மத்திய அரசின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. எட்டாவது செமஸ்டர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள் அங்கே ஒருமுறை போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

இன்டர்னலை அலட்சியம் செய்வது

தியரி பேப்பருக்கு இன்டர்னல் 25 மார்க் கல்லூரியின் கையில். அதில் வருகைக்கே 4 மார்க். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. சந்தனக்கூடு, கோவில் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் லீவு போட்டால் கணக்கு உதைக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தை மறந்து கட்டணத்துக்குத் திட்டம் போடுவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் பணம் இருக்காது. அந்த 61 நாளில் கட்ட வேண்டியதை மாசியிலேயே ஒதுக்கி வையுங்கள்.

ரெக்கார்டைக் காப்பி அடிப்பது

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சான்றிதழை வாடகைக்கு விடுவது

பட்டம் வாங்கியதும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு இல்லாமல் மருந்து கொடுப்பதை பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு தடுக்கிறது. பதிவு செய்த கையோடு யாராவது வருவார்கள். “கடைக்கு வர வேண்டாம் தம்பி, சான்றிதழை மட்டும் மாட்டிக்கிறோம், மாசாமாசம் பணம் வந்துரும்” என்பார்கள். வீட்டில் கடன் இருக்கும்போது மறுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். மறுத்துவிடுங்கள். அட்டவணை எச்1 என்கிற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் கண்ணால் பார்க்காத ஆன்டிபயாடிக்கும் தூக்க மாத்திரையும் உங்கள் பெயரில் அந்தப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருக்கும், அல்லது ஏறாமலே விற்றுக்கொண்டிருக்கும். மருந்து ஆய்வாளர் வந்து கேட்கும்போது கடைக்காரரோடு சேர்ந்து நீங்களும்தான் பதில் சொல்ல வேண்டும்.