பாஷ் விஇ டீசல் பம்ப்: எந்தத் திருகை, எவ்வளவு திருப்பலாம்?

1989 முதல் 1993 வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப்கள் சிலவற்றில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின் இருக்கும். அதற்கு டீசல் ஊட்டுவது பாஷ் விஇ பம்ப். கம்ப்யூட்டர் குறுக்கே வராது. எல்லாம் திருகும் ஸ்பிரிங்கும்தான். 160 குதிரைத்திறனோடு வரும் இன்ஜினின் சக்தியை ஒரே மாலையில் கூட்டிவிடலாம். பிஸ்டனை உருக்கிவிடவும் அதே மாலை போதும்.

முதலில் புகை வெப்பமானி, அதாவது இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டும் கருவி. அது இல்லாமல் பம்பில் கை வைக்காதீர்கள். அதன் உணர்கருவி டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் விசிறி) முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் வெப்பத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றும். டர்போ அழுத்தமானியும் இருந்தால் நல்லது. ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் பாருங்கள். இன்ஜின் கட்டுப்பாடிழந்து ஓடினால் காற்று வாயை அடைக்க ஒரு கனமான பலகையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வெறும் கையால் அடைக்கவே கூடாது.

பலரும் நேராகப் பம்பின் பின்பக்கத் திருகுக்குப் போவார்கள். நான் மேல்மூடியில்தான் தொடங்குவேன். இன்ஜினை நிறுத்தி, பம்பின் மேற்புறத்தைத் துடைத்து, நான்கு திருகுகளைக் கழற்றினால் உள்ளே டயாப்ரம் என்னும் ரப்பர் சவ்வு தெரியும். அது இருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு தூக்குங்கள். அடியில் கூம்பு வடிவில் ஒரு ஊசி தொங்கும். டர்போ அழுத்தம் டயாப்ரத்தை அழுத்த, ஊசி கீழே இறங்க, டீசல் கூடுகிறது. ஊசியை விரலில் உருட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் ஆழம் குறைவாகவும் கடைந்திருக்கும். ஆழமான பக்கத்துக்குச் சிறிது சிறிதாகத் திருப்பி வைத்தால், காற்று வந்த பிறகுதான் கூடுதல் டீசல் வரும். ஸ்பிரிங்கின் அடியிலுள்ள பல்சக்கரத்தைக் கீழிறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து, ஊசி சீக்கிரம் இறங்கும். புறப்படும்போது கரும்புகையும் கூடும். ஊசி வெளியே இருக்கும்போது இன்ஜினை இயக்காதீர்கள்.

மூடியை மாட்டி ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் பின்பக்க முழுச்சுமைத் திருகு, அதாவது அதிகபட்ச டீசல் அளவைத் தீர்மானிக்கும் திருகு. பூட்டு நட்டைத் தளர்த்தி, கடிகார திசையில் கால் சுற்று. நட்டை மறுபடி இறுக்குங்கள். ஐட்லிங் வேகம் ஏறும். அதற்கான திருகால் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். திருகு அதிகம் உள்ளே போகாமல் தடுக்கும் வளையத்தை வெட்டி எடுப்பவர்கள் உண்டு. நீங்கள் எடுக்க வேண்டாம்.

இனி ஒரு நீண்ட ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஏறுங்கள். மிதித்தவுடன் கரும்புகை கிளம்பி, டர்போ பிடித்ததும் தெளிந்தால் சரி. தெளியாமல் நீடித்தால் காற்றுக்கு மீறிய டீசல். வெப்பம் 675 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றால் உடனே காலை எடுத்து, வீடு திரும்பியதும் கடைசிக் கால் சுற்றைப் பின்வாங்குங்கள்.

பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி டைமிங் (டீசல் பீய்ச்சும் தருணம்) மாற்றுவது தனி வேலை. இன்று அவற்றைத் தொடாதீர்கள்.