ஆர்எக்ஸ்-8 எஞ்சின்: பிரிப்பதா, மாற்றுவதா?

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை ஓட்டி நிறுத்தியபின், சூட்டோடு மறுபடி கிளம்ப மறுக்கிறதா? உடனே வேறு எஞ்சின் தேடி ஓடாதீர்கள். இதிலிருப்பது சுழல் எஞ்சின்; பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் என்ற முக்கோணத் துண்டு உள்ளே சுழலும். அதற்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை, சோதியுங்கள். இரண்டு ரோட்டர், தலா மூன்று முகம். ஆறு எண்கள் வர வேண்டும். சாதாரண கேஜ் அதிகபட்ச அளவை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும்.

எண்கள் குறைவென்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ரோட்டர் ஓடும் உறையின் உட்புறத்தை நகத்தால் வருடுங்கள். குரோம் பூச்சு வழவழப்பாக இருந்தால், ரோட்டர் முனைகளில் கசிவைத் தடுக்கும் சீல்களையும் அவற்றின் ஸ்பிரிங்குகளையும் மாற்றிப் புதுப்பிக்கலாம். உரிந்திருந்தால் புது உறைகளின் விலையே கையைக் கடிக்கும். அப்போது உத்தரவாதத்தோடு வரும் புதுப்பித்த எஞ்சின்தான் என் தேர்வு. கழித்த காரிலிருந்து எடுத்தது மலிவுதான், அதே நோயோடு வந்தாலும் வரும்.

எதைச் செய்தாலும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களையும் மாற்றிவிடுங்கள். அவை தளர்ந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாழாக்கி அடைத்துவிடும். அந்தச் சூட்டில் புது எஞ்சினும் போகும்.