முதல் வெள்ளி ரூபாய் வாங்கப் போகிறீர்களா?

பழைய நாணயம் சேர்க்க ஆசை என்று யாராவது கேட்டால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாயில் தொடங்குங்கள் என்பேன். ஏராளமாக அச்சான காசு, இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. எடை இவ்வளவு, அளவு இவ்வளவு என்று திட்டமாகத் தெரிவதால் நம்மை ஏமாற்றுவதும் கொஞ்சம் கஷ்டம்.

1. காசுக்கு முன் தராசு வாங்குங்கள்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு லென்ஸ், ஒரு காந்தம். இவை போதும்.

2. தேய்க்காதீர்கள்

பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த ரூபாயை, குங்குமச்சிமிழைத் துலக்குவது போல விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினார். "தேய்ச்சுட்டீங்களா? வெள்ளி விலைதான் வரும்" என்றார். மேலே படிந்திருக்கும் அந்தக் கருமைக்கும் சேர்த்துத்தான் சேகரிப்பவர்கள் பணம் தருகிறார்கள்.

3. காசைப் படியுங்கள்

ஆண்டு பின்பக்கம் இருக்கும். அதே பக்கத்தில் கீழே உள்ள தாமரைக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.

1911 என்று இருந்தால் முன்பக்கம் திருப்பி, மன்னரின் அங்கியில் உள்ள யானையைப் பாருங்கள். தும்பிக்கை குட்டையாகி, பார்க்கப் பன்றி மாதிரி இருக்கும். இதனால் முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்ப, பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டது. 1912இல் யானையைத் திருத்தினார்கள். அதனால் 1911க்கு விலை கூடுதல், போலியும் கூடுதல்.

4. எடை போடுங்கள்

சரியான எடை 11.66 கிராம், விட்டம் ஏறத்தாழ 30.5 மி.மீ. தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். 11க்கும் கீழே போனால் கீழே வைத்துவிடுங்கள். விளிம்பின் வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரிந்தால் அது அச்சில் வார்த்த போலி.

காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் ஆகாது, ஈயம்கூடத்தான் ஒட்டாது. இன்னொன்று, புலி போட்ட 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அது போலியல்ல, நிக்கல்.

5. விலை பேசுங்கள்

இதில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை தெரிந்துவிடும். 1918 போன்ற சாதாரண ஆண்டுக்கு அதற்கு மேல் கொஞ்சம் தரலாம், அள்ளித் தர வேண்டாம்.

6. இவற்றின் பக்கமே போகாதீர்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு 1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கும் 'காசு' கம்பெனி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்பது சுத்த ஏமாற்று. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

அப்புறம், நூறு வயதைத் தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆசையாகக் கேட்டாலும் சிங்கப்பூர் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.